ஏதென்ஸ் மியூசியத்து வெள்ளைக் குதிரைகள்

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆளாளுக்கு என்னை டேக் செய்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அக்ரோபோலிஸ் மியூசியத்தின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, "பாதி டூப்ளிகேட் மக்களே, வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், டிக்கெட் காசு தண்டம்" என்கிறார் அந்த வீடியோவைப் போட்ட தம்பி. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி. தெரியாமல் இருப்பது தப்பில்லை தம்பி. ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருக்கும் பலகையைக்கூடப் படிக்காமல் சிரித்தீர்களே, அதுதான் வலிக்கிறது.

அங்கே இருப்பது என்ன? ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் நிற்கும் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானைச் சுற்றி ஓடிய புடைப்புச் சிற்ப வரிசை. மொத்தம் சுமார் 160 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம். கிறிஸ்துவுக்கு முன் 447-இல் தொடங்கி 432-இல் முடிந்த கோயில் அது. அந்த வரிசையில் 75 மீட்டர் அளவுக்கு லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஏதென்ஸில். 2009-இல் திறந்த இந்த மியூசியத்தின் மேல்தளத்தைக் கோயிலின் திசைக்கே திருப்பிக் கட்டி, வரிசையை அதே ஒழுங்கில் கண்ணுக்கு நேரே வைத்தார்கள். தங்களிடம் இருக்கும் கற்களை அவற்றின் இடத்தில் வைத்தார்கள். லண்டனில் இருப்பவற்றின் இடத்தில், அசலிலிருந்து மோல்டு எடுத்து வார்த்த பிளாஸ்டர் வார்ப்பு. பழைய பளிங்கு தேன் நிறம், பிளாஸ்டர் பளீர் வெள்ளை. சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

ஏமாற்ற நினைத்தவன் இப்படியா வைப்பான்? காஸ்டிங் வேலை செய்கிற எங்களைக் கேளுங்கள். பிளாஸ்டருக்குச் சாயம் ஏற்றிப் பழைய கல் மாதிரி ஆக்குவது அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். இங்கே இருக்க வேண்டியது இங்கே இல்லை என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான். அதைப் போய் டூப்ளிகேட் என்றால் என்ன சொல்வது!

இன்னொன்று சொல்கிறேன். இருநூறு வருடத்துக்கு முன் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு கோயிலை அறுத்துக் கற்களை லண்டனுக்கு எடுத்துப்போனது தெரியும். அவருடைய ஆட்களே 1802-இல், கட்டடத்திலேயே விட்டுவைத்த மேற்குப் பக்க வரிசைக்கு மோல்டு எடுத்தார்கள். அந்தக் கற்கள் அதன் பிறகு 1993 வரை மேலேயே இருந்தன. மழை, புகை, அமிலக் காற்று எல்லாம் தின்றது. 1872-இல் மறுபடி எடுத்த மோல்டையும் 1802-இன் வார்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த எழுபது வருடத்திலேயே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிகிறது. இன்றைக்குக் கல்லில் இல்லாத விவரங்கள் அந்தப் பிளாஸ்டரில் இருக்கின்றன. கல்வெட்டு சிதைந்துபோன பிறகு மை தடவித் தாளில் எடுத்துவைத்த அதன் மைப்படிதான் நமக்கு ஆதாரம் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். வார்ப்பு ஒரு சாட்சி. திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் சிற்பம் படித்த கல்லூரியில், டிராயிங் ஹாலின் சுவரில் இந்த வரிசையின் ஒரு பலகை இருந்தது. வெள்ளைக்காரர் காலத்து வார்ப்பு. ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிரைகள், முன்னால் ஒரு இளைஞன். குதிரையின் வாயோரத்திலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்னத் துளைகள். "அதுல விரலை வை" என்றார் எங்கள் சார். வெண்கலக் கடிவாளம் பொருத்த அடித்த துளைகள் அவை. வெண்கலம் எப்போதோ போய்விட்டது. துளை மட்டும் வார்ப்பிலும் அப்படியே பதிந்திருந்தது. மேல்பக்கம் புடைப்பு அதிகம், கீழே குறைவு, ஏனென்றால் தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகச் செதுக்கியது என்றும் அவர்தான் காட்டினார். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மூன்று நான்கு குதிரைகளை எப்படி ஓடவிட்டான் என்பதை அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் கற்றேன். ஏதென்ஸுக்கோ லண்டனுக்கோ போக எங்களில் யாருக்கு வசதி இருந்தது?

பின்னால் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதைச் சம்மட்டியால் உடைத்து, பள்ளம் நிரப்பக் கொட்டிவிட்டார்கள். போய்க் கேட்டால், "பழைய சுண்ணாம்பு பொம்மைதானே சார், ஒரிஜினலா என்ன?" என்றார்கள். அந்த வீடியோவில் கேட்டதும் அதே வார்த்தைதான்.

ஒரு வார்ப்பு எடுத்துப் பாருங்கள் தெரியும். தண்ணீரில் பிளாஸ்டரைக் கையால் தூவித் தூவி, மேலே திட்டாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். குமிழி வராமல் கலக்க வேண்டும். முதல் பூச்சைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஏற்ற வேண்டும். அப்புறம்தான் தேங்காய் நாரை நனைத்து வைப்பது. இறுகும்போது முதுகில் கை வைத்தால் கதகதவென்று சூடு தெரியும். சோப்புக் கரைசல் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மூக்கு மோல்டோடு போய்விடும். அந்தக் காலத்தில் சிலிக்கான் ரப்பர் கிடையாது. துண்டு துண்டாக மோல்டு எடுத்துப் பூட்டினார்கள். சாரம் கட்டி, கோயிலின் உச்சியில், இதையெல்லாம் செய்தவர்களின் வேலை அது.

"அசலில் இருக்கும் உயிர் இதில் வராது" என்று சிலர் கமெண்ட்டில் எழுதுவீர்கள். சரி. அதே வீடியோவில் தம்பி மேலே குன்றில் இருக்கும் இன்னொரு கோயிலான எரெக்தியோன் முன்னால் நின்று, "இதுதான் மக்களே ஒரிஜினல், புல்லரிக்குது" என்றாரே, அங்கே கூரையைத் தாங்கி நிற்கும் ஆறு பெண்களும் நகல்கள். அசலில் ஐந்து பேரை 1979-இல் இறக்கிவிட்டார்கள், கீழே மியூசியத்தில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி லண்டனில். நகலைப் பார்த்தும் புல்லரித்ததில் தப்பே இல்லை.

"இப்போதுதான் 3டி ஸ்கேன் வந்துவிட்டதே" என்பவர்களுக்கு: வரட்டும், நல்லதுதான். திரையில் விரலை வைத்தால் துளை தெரியுமா?

மோல்டு எடுப்பதால் அசலில் ஒட்டியிருந்த வண்ணத்துக்குச் சேதம் வரும் என்பது நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன், பழைய முறையில் அந்த ஆபத்து உண்டு. ஆனால் 1937-38-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஜோசப் டுவீன் என்ற கலைப்பொருள் வியாபாரி பணம் கொடுத்துக் கட்டிய காலரிக்காக, கல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று செம்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற உரைகல்லாலும் சுரண்டினார்களே, அது எந்தக் கணக்கில்? கல்லை வெள்ளையாக்கச் சுரண்டியவர்களை யாரும் கேலி செய்யவில்லை. வெள்ளையாகவே நிற்கும் பிளாஸ்டர்தான் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

இதற்குள் ஒருவர் இன்பாக்ஸில் வந்து, "வார்ப்பு அவ்வளவு உசத்தி என்றால் கிரேக்கர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டுமே, அசல் எதற்கு?" என்று கேட்டுவிட்டார். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அப்படியானால் வார்ப்பை லண்டனில் வைத்துக்கொள்ளட்டும்! 1816-இல் எல்ஜினிடம் 35,000 பவுண்டு கொடுத்து பிரிட்டிஷ் அரசு வாங்கியதாம். யாருடைய கோயிலை யார் விற்று யார் வாங்கியது? கிரேக்கனைக் கேட்டார்களா? இத்தாலியின் பலெர்மோவிலிருந்து ஒரு தெய்வத்தின் பாதத் துண்டு 2022-இல் ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தது. வத்திக்கானில் இருந்த மூன்று துண்டுகள் 2023-இல் வந்தன. அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியாது? அந்த வெள்ளைப் பலகைகள், வர வேண்டியவர்களுக்காக இடம் பிடித்து வைத்திருக்கின்றன. அதைத்தான் நீங்கள் கேலி செய்தீர்கள்.

கலைக்கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்களே, உங்கள் ஸ்டோர் ரூமில், மாடிப்படிக்கு அடியில், தூசியோடு இப்படி ஏதாவது வார்ப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். மூக்கு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. உடைக்கச் சொல்லி யாராவது ஆள் விடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வண்டி வாடகை நான் தருகிறேன், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.