எல்லாம் போன்ல இருக்கு தம்பி!

மோசடிப் புகார் என்றாலே நம் ஆட்கள் முதலில் நீட்டுவது கைப்பேசியைத்தான். கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள், "எல்லா ஆதாரமும் இதுல இருக்கு தம்பி" என்பார்கள். உள்ளே பார்த்தால் அவன் திட்டியது, இவர் திட்டியது, "அடுத்த வாரம் கண்டிப்பா தரேண்ணே" என்று அவன் சத்தியம் செய்தது. பணம் எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்டால் நம்மீதே கோபம் வரும்.

படிக்கச் சுவாரசியமே இல்லாத காகிதத்துக்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். வங்கிக் கணக்கறிக்கையைப் பாருங்கள். உங்கள் சண்டையில் வங்கிக்கு எந்தப் பக்கமும் இல்லை. பணம் நகர்ந்த அன்றே பதிவும் விழுந்துவிடுகிறது. வங்கிப் பேரேட்டின் சான்றளிக்கப்பட்ட நகலை ஏற்பதற்கென்றே 1949-இல் ஒரு சட்டம் உண்டு. அதற்கு அடுத்த இடத்தை, தகராறு வெடிப்பதற்கு முன்னால் எழுதிய ரசீதுக்கும் ஒப்பந்தத்துக்கும் கொடுப்பேன். வெடித்த பிறகு எழுதிய கடிதம் யாரும் எழுதக்கூடியது.

வாட்ஸ்அப் செல்லாது என்று சொல்லவில்லை. 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி வழி ஆவணங்களுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் கதவுக்குள் நுழைவது வேறு, எடை பெறுவது வேறு. அந்த எண் யாருடையது? வெட்டி எடுத்த நான்கு வரிக்கு முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அங்கேதான் கை வைப்பார். முழு உரையாடலையும் வையுங்கள், நீங்கள் திட்டியதையும் சேர்த்து. புது போன் வாங்கிய சந்தோஷத்தில் பழையதை விற்றுவிடாதீர்கள்.

"சாட்சிக்கு என் குடும்பமே வரும்" என்பார்கள். வரட்டும். ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கில்லை. அதே சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நேரில் பார்த்த ஒருவர் போதும், அக்கா சொல்லிக் கேட்ட பத்துப் பேரை விட. போலீஸ் ரிப்போர்ட்டும் விசாரணையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். அதில் நீங்கள் எழுதியது என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். பணம் வாங்கினான், திருப்பித் தரவில்லை என்பது வெறும் கடனாகவும் இருக்கலாம். தண்டனைச் சட்டம் 420-இன் கீழ் ஒன்று முதல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் என்று போகவேண்டுமானால், ஏமாற்றித்தான் வாங்கினான், அப்போதே நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒருவர் காசி யாத்திரைக்குப் பணம் வசூலிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் போட்டு, விடுதிக்கு முன்பணம் கட்டி, அப்புறம் எல்லாம் கவிழ்ந்தது என்றால் தோற்றுப்போன வியாபாரம். ஒரு டிக்கெட்கூடப் போடாமல், மறுநாளே அந்தப் பணம் அவருடைய கார் கடனுக்குப் போயிருந்தால் கதையே வேறு. அதே காசிக் கதையை அவர் இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருந்தால், அந்த நாலு பேரையும் தேடிப் பிடியுங்கள். மனதில் இருந்ததைக் காட்ட அதைவிடப் பலமான சாட்சியம் அபூர்வம்.

குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கிலும் மோசடி என்றால் அதே உயரம்தான் என்று, அந்நாளில் நம் மேல்முறையீடுகளின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. சின்னையா அண்ட் சன்ஸ் வழக்கில் 2015-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. சிவிலில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். சரியான தீர்ப்பு என்பேன். இழந்தவன் போலீஸ்காரனைப் போல் துப்பறிய முடியுமா? அதற்காக வெறுங்கையோடு போனால் அங்கேயும் தோல்விதான்.

ரசீது கேட்டால் "என்மேல நம்பிக்கை இல்லையா மச்சான்?" என்று முகம் தூக்குபவர்களிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் "காசி யாத்திரை முன்பணம்" என்று போடுங்கள். ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டை அனுப்பிவிட்டு அங்கே "சாப்பாடு" என்று எழுதுபவர்களை என்ன சொல்ல!

ஆன்லைனில் இப்போதுதான் பணம் போனது என்றால் எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டாம். முதலில் வங்கிக்கோ, தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கஷ்டம்.