அது பழமொழி அன்று

அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள்களாக என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அலையில் தத்தளிக்கும் படகு, அழகான எழுத்துருவில் இரண்டு வரி, அடியில் ‘ஆப்பிரிக்கப் பழமொழி’. வீடே சுறாமீனின் வாயாக மாறினாலொழிய எவரும் வீட்டை விட்டுப் போவதில்லை என்னும் அந்த வரி பழமொழி அன்று. அதை எழுதியவர் கவிஞர் வார்சன் ஷிரே. 1988இல் பிறந்தவர், என் கடைசித் தங்கையின் வயதுதான். அவர் எழுதிய வரிக்குப் பழமொழிப் பட்டம் சூட்ட நமக்கு ஏன் இத்தனை அவசரம் என்று தெரியவில்லை.

நைரோபியில் சோமாலியப் பெற்றோருக்குப் பிறந்து, ஒரு வயதில் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். ரோம் நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த சோமாலியத் தூதரகக் கட்டடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறார். அங்கே கையில் எந்த ஆவணமும் இல்லாத அகதி இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். அவர் போவதற்கு முந்தைய இரவுதான் அவர்களில் ஒருவன் கூரையிலிருந்து குதித்து இறந்திருந்தான். 2009இல் எழுதிய உரைநடைக் கவிதைக்கு அந்தப் பயணமே காரணம். நாம் படகுப் படத்தின் மேல் ஒட்டி விளையாடும் வரி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஒரு பையனின் சாவும், அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் இருபது வயதும் அதற்குள் இருக்கின்றன. பழமொழியில் இவை எங்கே இருக்கும்?

2011இல் அவருடைய ஒரு சிறு நூல் வந்தது. 2013இல் ஆப்பிரிக்கக் கவிதைக்கான புரூனெல் பல்கலைக்கழகப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான். அதே ஆண்டு லண்டனின் முதல் இளம் அரசவைக் கவிஞரும் ஆனார். 2015இல் அகதிகள் ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கியபோது அந்த வரிகள் பதாகைகளிலும் தலையங்கத்திலும் ஏறின. 2016இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் ‘லெமனேட்’ படத்துக்குக் கவிதைகள் தந்தார். முழு அளவிலான முதல் தொகுப்பு 2022இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் அவருடைய வரிகள் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன, பல இடங்களில் அவரை விட்டுவிட்டு.

இதில் எனக்குத் தாங்கவே முடியாத ஒன்று உண்டு. சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து முறை 1972இல்தான் வந்தது. அதற்கு முன் கவிதை பெரும்பாலும் மனப்பாடத்தில்தான் வாழ்ந்தது. அப்படியிருந்தும் பிறர் கவிதையைச் சொல்பவர் இயற்றியவரின் பெயரை முதலில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். சொல் மாறக் கூடாது, பெயர் விடுபடக் கூடாது. ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் அவர்கள் பெயரைக் காப்பாற்றினார்கள். கைக்குள் கூகுளை வைத்துக்கொண்டு நாம் ‘ஆப்பிரிக்கப் பழமொழி’ என்கிறோம். ஐம்பத்து நான்கு நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பழமொழியைச் சொல்லின போலும்.

“நல்ல கவிதை எல்லோருக்கும் சொந்தம், நீ ஏன் காவல் நிற்கிறாய்” என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். கவிதையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொல்கிறேன்? வெள்ளைக்கார நாவலாசிரியரின் அரை வரியைப் பகிரும்போது பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டோடு போடும் அதே நண்பர்கள்தாம் இவர்கள். லண்டனில் வளர்ந்தவர் ஆப்பிரிக்கக் கவிஞரா என்பது அவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி. பழமொழி என்று பொய்யாகச் சொன்னபோது ஆப்பிரிக்காவாக இருந்தது, பெயரைச் சொல்லச் சொன்னதும் லண்டனாகிவிட்டதா? “பியான்சேயோடு வேலை செய்தவருக்கு நீ பரிந்து பேச வேண்டுமா” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

சரி, சொந்தக் கோபமும் இதில் கலந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் படித்தபோது என் பாட்டி இறந்த துக்கத்தில் எட்டு வரி எழுதி ஆண்டு மலருக்குக் கொடுத்திருந்தேன். மலரில் வரவில்லை. ஆனால் விழா மேடையில் பேச வந்தவர் அந்த எட்டு வரியையும் உருக்கமாகப் படித்துவிட்டு, “இது நம் கிராமத்துத் தாய்மார்கள் வழிவழியாகப் பாடுவது” என்றார். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த தோழியும் தட்டினாள், நானும் தட்டினேன். அன்றைக்கு எழுந்து நின்று “ஐயா, அது நான் எழுதியது” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பாட்டியின் சுருக்குப்பையைப் பற்றிய வரி அது. எந்தத் தாய்மாருக்கும் அந்தப் பை தெரியாது. பெண் எழுதினால் அது எப்படியோ ‘வழிவழியாக’ வந்ததாகிவிடுகிறது, கறுப்பினப் பெண் எழுதினால் ஒரு கண்டமே சொன்னதாகிவிடுகிறது.

படகுப் படத்தைப் போட்ட பக்கத்தில் இரண்டு முறை பின்னூட்டம் இட்டேன். முதலாவதற்கு ஒரு சிரிப்புக் குறி கிடைத்தது, இரண்டாவதை நீக்கிவிட்டார்கள். இன்று காலையில் பார்த்தால் திருத்தியிருக்கிறார்கள். ‘ஆப்பிரிக்கப் பழமொழி’ போய், ‘ஒரு சோமாலியப் பெண் கவிஞர்’ என்று வந்திருக்கிறது.

வார்சன் என்றால் சோமாலியில் நற்செய்தி என்று பொருளாம். வா-ர்-ச-ன் ஷி-ரே. எழுத்துக்கூட்டியும் தந்துவிட்டேன், இன்னொரு முறை திருத்துங்கள்.