கை படும் இடத்தில் தோல், முதுகு சாயும் இடத்தில் சூயிட்

என் அக்கா மகன் சென்ற மாதம் பெங்களூரிலிருந்து பழைய போர்ஷே கேமன் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். இரண்டே இருக்கை, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். இருக்கைகளின் தோல் ஓரங்களில் தேய்ந்து வெடித்திருப்பதால் உள்ளே முழுவதையும் புதிதாகத் தைத்துவிட முடிவு செய்து, "மாமா, ஸ்டீயரிங், சீட், டேஷ்போர்டு, கதவு எல்லாமே கறுப்பு அல்கன்டாரா போட்டுவிடலாம் என்று இருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். அல்கன்டாரா என்பது சூயிட் என்னும் மென்தோலைப் போலத் தோன்றும் செயற்கைத் துணி; இங்கே நான் சூயிட் என்று சொல்வதெல்லாம் இந்தத் துணியைத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் என்பதை நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. சேலத்தில் இன்னும் சிலர் இதே குழப்பத்தில் இருப்பதை அறிவேன் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் அம்மாபேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தந்தை வெண்பட்டு வேட்டி நெய்தவர். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் அதன் இழை எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அந்தப் பழக்கத்தோடு அல்கன்டாராவைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் வியப்பு, அதில் ஊடும் பாவும் இல்லை என்பதுதான். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி உருவாக்கிய முறை அது. ஒரே இழைக்குள் பல மிக நுண்ணிய பாலியஸ்டர் இழைகளை வேறொரு பிளாஸ்டிக்கில் பொதிந்து நூற்று, முள் ஊசிகளால் திரும்பத் திரும்பக் குத்தி கம்பளி போலச் சிக்கவைத்து, பொதிந்திருந்த பிளாஸ்டிக்கைக் கரைத்து எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் ஊட்டி, மேற்பரப்பை உரசி மயிர்த்தன்மை வரவழைத்து, பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். இந்த முறையை வைத்து 1972-இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பெயர்தான் அல்கன்டாரா. ஏறத்தாழ 68 விழுக்காடு பாலியஸ்டர், 32 விழுக்காடு பாலியூரித்தேன். டோரே அதே வகைப் பொருளை அல்ட்ராசூயிட் என்ற பெயரில் விற்கிறது. போர்ஷே தன் கார்களில் வைக்கும் இவ்வகைத் துணிக்கு ரேஸ்-டெக்ஸ் என்று பெயரிட்டிருக்கிறது. எனவே இதை "ஒரு வகைத் தோல்" என்று சொல்லி விற்கும் கடைக்காரர் சொல்வது தவறு.

இருக்கையில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அங்கேதான் சூயிடின் பக்கம் நான் முழுமனத்தோடு நிற்கிறேன். அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். காருக்குப் போடப்படும் தோல் பெரும்பாலும் நிறமி பூசி, அதன்மேல் பாலியூரித்தேன் பூச்சும் கொடுத்த தோல் என்பதால் அதன் முகம் வழவழப்பானது. வளைவில் வண்டி திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் நழுவுகிறது. நழுவும் உடலைத் தடுக்க நாம் நம்மை அறியாமலே ஸ்டீயரிங்கை இறுகப் பற்றிக்கொள்கிறோம். திருப்ப வேண்டிய கை, உடலைத் தாங்கும் கையாக மாறிவிட்டால் முன்சக்கரம் சாலையைப் பற்றி நமக்குச் சொல்ல வருவது எதுவும் காதில் விழாது. சூயிடின் நுண்மயிர் நம் உடுப்பின் துணியைப் பற்றிக்கொள்கிறது, இடுப்பு அதே இடத்தில் நிற்கிறது, கை விடுதலையாகிறது. என்னுடைய பழைய இரண்டு இருக்கை வண்டியில் நடுப்பகுதிகளை மட்டும் சூயிடுக்கு மாற்றிய பிறகு முதல் முறை மலை ஏறியபோது, பன்னிரண்டாம் வளைவு தாண்டியும் தோள்கள் இறுகாமல் இருந்ததை இன்றும் மறக்கவில்லை. சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறியதும் கறுப்புத் தோல் தொடையைச் சுடுவது போலச் சூயிட் சுடுவதில்லை என்பதும் கூடுதல் நன்மை.

ஆனால் இருக்கையின் பக்கவாட்டு மேடுகளில் சூயிட் வைக்க வேண்டாம். தாழ்வான வண்டி என்பதால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஓட்டுநர் பக்கத்து மேட்டின் மீது தொடையைத் தேய்த்துத்தான் எழ வேண்டியிருக்கிறது. அந்தத் தேய்ப்பில் நுண்மயிர் உருண்டு திரளும். வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுபவருக்கு இன்னொன்றும் உண்டு: சூயிட் மேடு வேட்டியைப் பிடித்து இழுக்கும். அங்கே தோல்தான் சரி. தலை சாயும் இடத்திலும் தோல்தான் சரி என்பேன், காரணம் தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள வீட்டில், சூயிட் தலைசாய்வு மூன்றே மாதத்தில் நடுவில் ஒரு கருத்த வட்டம் கொண்டு நிற்கும். தோலில் அதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

இப்போது ஸ்டீயரிங். சூயிட் என்ற சொல்லே ஸ்வீடன் நாட்டின் பிரெஞ்சுப் பெயர்தான். ஸ்வீடனில் இருந்து வந்த மென்தோல் கையுறைகளால் அந்தப் பெயர் நிலைத்தது. பந்தய ஓட்டுநரின் ஸ்டீயரிங்கில் சூயிட் இருக்கிறது என்று அக்கா மகன் படத்தைக் காட்டினான். அந்தப் படத்தில் அவர் கையில் கையுறை இருந்ததை அவன் கவனிக்கவில்லை. கையுறை அணிந்த கையின் வியர்வையும் எண்ணெயும் ஸ்டீயரிங்கில் படுவதில்லை. துணியைப் பற்ற அதே மயிர் மிகப் பொருத்தமானது. நாம் வெறுங்கையால் ஓட்டுகிறோம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம், கைக்குப் பூசிய களிம்பு, மே மாத வியர்வையின் உப்பு எல்லாம் அந்த நுண்ணிய இழைகளில் படிந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்க வைக்கின்றன. படுத்த மயிர் பளபளக்கும், பளபளப்பு வழுக்கும். பிடிமானத்துக்காக வைத்த பொருள் பிடிமானத்தை இழந்து நிற்பதைக் காண வருத்தமாக இருக்கும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் ஸ்டீயரிங்கைச் சூயிடில் தைத்தேன். ஒரே கோடையில் கைகள் பிடிக்கும் இரண்டு இடங்களும் எருமைத்தோல் போல மினுங்கின. வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலரவிட்டு, மென்தூரிகையால் மயிரை எழுப்பி, அடுத்த வாரம் மீண்டும் அதையே செய்து, ஏழெட்டு மாதம் போராடினேன். பிறகு கைபிடிக்கும் பக்கங்களில் துளையிட்ட தோலுக்கு மாற்றினேன். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆயுத பூசையை மறந்துவிட்டு யாரும் இந்த முடிவை எடுக்கக் கூடாது. புதிதாக வண்டி வந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவோம்; ஆண்டுக்கொரு முறை வீட்டு வாசலில் ஸ்டீயரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். தோலில் இட்ட பொட்டு மறுநாள் துடைத்தால் போய்விடும். சூயிடில் இட்ட குங்குமம் இழைக்குள் இறங்கிவிட்டால் சாயம் போலவே தங்கிவிடும். அம்மாவிடம் "ஸ்டீயரிங்கில் பொட்டு வைக்காதே" என்று சொல்ல வேண்டிய நிலை ஒரு வண்டியால் வரக்கூடாது என்று நான் உண்மையாகவே கருதுகிறேன். தோல் ஸ்டீயரிங் வெயிலில் சுடும் என்ற குறைக்கு ஒரு வெள்ளைத் துண்டை மேலே போட்டு நிறுத்துவதே போதும்.

டேஷ்போர்டின் மேற்பகுதிக்கு மீண்டும் சூயிட். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியை நெருங்கக் கூடியது. அந்தச் சூட்டில் தோல் தன் ஈரத்தை இழந்து சுருங்கும். வளைவான இடங்களில் பசை விட்டு ஓரம் தூக்கிக்கொள்ளும். சூயிட் அவ்வாறு சுருங்குவதில்லை, முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்வதுமில்லை. கை அடிக்கடி படாத இடம் என்பதால் அழுக்கும் குறைவு. தூசியை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும்.

மலையின் ஈரம் வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் தோல் செருப்பை அலமாரியில் ஒரு மாதம் விட்டுவைத்தவர்களுக்குப் பூஞ்சணம் எப்படி வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூடிய கொட்டகையில் நிற்கும் வண்டியின் தோல் இருக்கையும் அதே புரதம்தான். காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் இழை பூஞ்சணத்துக்கு உணவாவதில்லை. ஆனால் அதில் படிந்த வியர்வையும் அழுக்கும் ஆகும். ஆகவே காப்பித் தோட்டத்து வீட்டில் வண்டி வைத்திருப்பவர் எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் வாரம் ஒருநாள் கதவைத் திறந்து வைப்பதைத் தவிர்க்க முடியாது.

கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்னுடைய முதல் சூயிட் இருக்கையை ஒரு குஷன் கடையில் அல்கன்டாரா என்று சொல்லித்தான் தைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் கோடையில் உள்ளே ஒட்டியிருந்த நுரை மாவாக உதிர்ந்து, துணி பலூன் போல உப்பியது. பிரித்துப் பார்த்தபோது அது மலிவான பின்னல் துணி. நெசவுக்காரன் மகனாகிய நான் துணியைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. துண்டு மாதிரியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒரு வாரம் வெயிலில் போட்டு வைத்த பிறகு முன்பணம் கொடுங்கள். அதைவிட முக்கியமானது ஏர்பேக். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கும். விபத்தின்போது அது கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்காக அந்தத் தையலை வேண்டுமென்றே தனி நூலால் பலவீனமாகத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தை உறுதியான நூலால் இழுத்துத் தைத்துவிட்டால் அழகான இருக்கை உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதை அறியாத தையல் மாஸ்டரிடம் எந்தப் பொருளையும் கொடுக்க வேண்டாம்.

தோலே வேண்டாம் என்பவர்களின் கருத்தையும் நான் மதிக்கிறேன். வாணியம்பாடியும் ஆம்பூரும் இங்கிருந்து தொலைவில் இல்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரை நிலமும் கிணறும் என்ன ஆயின என்பதையும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டிய நிலை வந்ததையும் நாம் மறக்கவில்லை. முன்பு ஆவாரம் பட்டையால் பதனிட்ட ஊர்களில் பின்னர் குரோமியம் வந்தது. மறுபக்கம், சூயிட் என்பது பெட்ரோலியத்தில் இருந்து வரும் பொருள். அது மண்ணில் மக்காது. இரண்டுக்கும் விலை இருக்கும்போது, ஒரு ஸ்டீயரிங்குக்கும் இரண்டு மேடுகளுக்கும் தேவையான சிறிதளவு தோலை வாங்கி, அதைப் பதினைந்து ஆண்டுகள் உழைக்க வைப்பதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. வண்டி முழுவதையும் தோலால் போர்த்துவதில் இருக்கிறது.

நேற்று அக்கா மகன் மாதிரித் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தான். ஸ்டீயரிங், தலைசாய்வு, பக்கமேடுகள் மூன்றுக்கும் கறுப்புத் தோல் என்று ஒப்புக்கொண்டான். இருக்கையின் நடுவுக்கும் டேஷ்போர்டுக்கும் அடர் சாம்பல் சூயிட். துண்டுகள் இப்போது எங்கள் மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் போகிறோம்.