பியானோவுக்குள் ரப்பர்

போன சனிக்கிழமை இரவு இங்கே மலேசியாவில், தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டது எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துப் பையன், பக்கத்து லயத்துக்காரரின் (தோட்டத்து வரிசை வீட்டுக்காரரின்) பேரன். கோயில் திருவிழாக்களில் உறுமி அடித்துக் கை பழகியவன், இப்போது இசைத் துறையில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். “ஆன்ட்டி, சினிமாப் பாட்டு இருக்காது. கர்நாடகக் கச்சேரி மாதிரியும் இருக்காது. ஆனா நீங்க கட்டாயம் வரணும்” என்றான். நவீன மேலை இசை என்று அழைப்பில் போட்டிருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. பிள்ளை கூப்பிட்டானே என்று போனேன்.

1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. நூறு வருஷத்துக்கு மேலாக நம் ஊரில் நிற்கிறது. அந்த வழியாக எத்தனையோ ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு கச்சேரி கேட்பதற்காக உள்ளே நுழைந்தது 54 வயதில்தான். மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. நம்மவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

முதலில் இரண்டு பேர் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஒருவன் நம் பையன். கருவி எதுவும் இல்லை, கை தட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்கரான ஸ்டீவ் ரைக் 1972-இல் எழுதிய ‘கிளாப்பிங் மியூசிக்’. 12 எண்ணிக்கையில் ஒரே ஒரு தாள வரிசை: மூன்று தட்டி ஒன்று விடுவது, இரண்டு தட்டி ஒன்று விடுவது, ஒன்று தட்டி ஒன்று விடுவது, மறுபடி இரண்டு தட்டி ஒன்று விடுவது. முதலில் இருவரும் சேர்ந்தே தட்டுகிறார்கள். அப்புறம் ஒருவர் அப்படியே நிற்க, மற்றவர் ஓர் எண்ணிக்கை தள்ளிப்போகிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஒன்று. இப்படி 12 முறை தள்ளிப்போனதும் இரண்டு பேரும் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

நடுவில் எது யார் கை என்றே தெரியவில்லை. தட்டுவது இரண்டு பேர், ஆனால் யாருமே தட்டாத மூன்றாவது தாளம் ஒன்று காதில் விழுகிறது. இதை நான் எங்கே கேட்டேன் என்று யோசித்தேன். பத்துமலையில், தைப்பூசத்தன்று! முன்னால் ஒரு காவடி, அதற்கு ஓர் உறுமிக் குழு. பின்னால் இன்னொரு காவடி, அதற்கு வேறொரு குழு. கூட்டம் நெருக்கி இரண்டு குழுவும் பக்கத்தில் வந்துவிட்டால் இரண்டு அடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விலகி, திடீரென்று ஒரு நொடி சேர்ந்து விழும். அந்த நொடியில் உடம்பு சிலிர்க்குமே, அதேதான். ரைக்கும் 1970-இல் ஆப்பிரிக்காவில் கானாவுக்குப் போய் அங்குள்ளவர்களிடம் மேளம் கற்றவராம், பையன்தான் அப்புறம் சொன்னான்.

அடுத்தது பியானோ. ஆனால் நாம் பழகிய பியானோ ஒலியே இல்லை. சில கட்டைகளை அழுத்தினால் சின்ன மணி, சிலதில் மரக்கட்டை தட்டுவது போல, சிலதில் தூரத்து மேளம். ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1946-இலிருந்து 1948 வரை எழுதிய ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ என்ற தொகுப்பிலிருந்து நாலைந்து உருப்படிகள் வாசித்தார்கள். மொத்தம் 20 இருக்கின்றன. இடைவேளையில் பையன் என்னை மேடைக்குக் கூட்டிப்போய் பியானோவின் வயிற்றைக் காட்டினான். கம்பிகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், நட்டு, பிளாஸ்டிக், ரப்பர். 45 சுரங்களுக்கு இப்படிச் செருக வேண்டும், எதை எந்தக் கம்பியில் எவ்வளவு தள்ளி வைப்பது என்று அட்டவணையே இருக்கிறது. ரப்பர் துண்டு மட்டும் 15.

அந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் அம்மா முப்பது வருஷத்துக்குமேல் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்னால் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நெற்றியில் விளக்கு, நிரையில் முதல் மரம் தொடங்கும்போது இன்னும் இருட்டு. அந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். உறைந்த ஒட்டுப்பால் நாற்றம் துணியிலிருந்து போகாது. பள்ளிக்கூடத்தில் அந்த நாற்றத்துக்காக நான் தலை குனிந்திருக்கிறேன். டயருக்குப் போகும், கையுறைக்குப் போகும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு பியானோவுக்குள் உட்கார்ந்து அதன் குரலையே மாற்றும் என்று யாரும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. பையன் ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே நின்றான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த உருப்படிகள் நம் ரசக் கோட்பாட்டை வைத்து எழுதப்பட்டவையாம். வீரம், சிருங்காரம், அற்புதம், ஹாஸ்யம், சோகம், பயம், கோபம், அருவருப்பு, எல்லாம் போய் முடியும் இடம் சாந்தம். கேஜுக்கு இது எப்படிக் கிடைத்தது? கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் வழியாக. 1877-இல் கொழும்பில் ஓர் இலங்கைத் தமிழருக்குப் பிறந்தவர் அவர். அப்புறம் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் போன இசைக் கலைஞர் கீதா சாராபாய் வழியாக. 1946-இல் அவருக்குக் கேஜ் மேலை இசை சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு அவர் நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. பாட்டு எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனசை அடக்கி அமைதியாக்கி இறையருள் இறங்க வழி செய்வதற்கு என்று தன் ஆசிரியர் சொன்னதை அந்த அம்மா சொன்னாராம். நம் கோயில் பாட்டிகள் சொல்வதும் இதுதானே. “வெள்ளைக்காரன் இசை, நமக்கெதுக்கு” என்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு மாணவி தானே எழுதிய வயலின் உருப்படியை வாசித்தார். வில்லை அழுத்தித் தேய்த்துக் கரகரவென்று நீண்ட நேரம். சொல்ல வந்தது பாதியிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது, அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு முன்வரிசையில் நம்மவர் ஒருவர் “இதெல்லாம் ஓர் இசையா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு எழுந்து போனார். அது என்னைச் சுட்டது. ஐயா, உறுமி எப்படி உறுமுகிறது? ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பதால்தானே? தேய்த்து வரும் ஒலியில் சாமியாடுகிற நாம், வயலினில் அதே தேய்ப்பு வந்தால் ஏன் முகம் சுளிக்கிறோம்? பிடிக்கவில்லை என்று சொல்லலாம், கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

கடைசி உருப்படியும் கேஜுடையது, ‘4 நிமிஷம் 33 விநாடி’. வாசிப்பவர் பியானோ முன் வந்து உட்கார்ந்து எதையும் வாசிக்கமாட்டார். மூன்று பகுதி, மூன்றிலும் மௌனம். 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கில் பியானோ கலைஞர் டேவிட் டியூடர் முதல் முறையாக மேடையேற்றினார். மரங்களுக்கு நடுவே இருந்த மண்டபம். காற்றும், கூரையில் மழைத் துளியும், கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களின் பேச்சும்தான் அன்றைய இசை.

பையன் முன்பே சொல்லியிருந்தும் முதல் ஒரு நிமிஷம் எனக்குச் சங்கடமாக இருந்தது. யாரோ இருமினார்கள். ஏர்கான் ஓடும் சத்தம். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. அப்புறம் மெல்ல அம்மா நினைவுக்கு வந்தார். விடிகாலை நாலு மணிக்கு லயத்து வாசல்படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கொண்டிருப்பார். மழை வந்தால் வெட்டு இல்லை, மரத்தில் கீறிய கோட்டில் இறங்கும் பால் பட்டையில் பரவி வீணாகிவிடும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் நிறையும், அன்றைய சம்பளம் போச்சு. தூரத்துக் காட்டில் கேட்பது காற்றா மழையா, தகரத்தில் விழுவது இலைச் சொட்டா புது மழையா, எல்லாம் அம்மாவுக்குக் காதிலேயே தெரியும். நாங்கள் வாய் திறந்தால் “உஷ், கேளு” என்பார். வெயில் காலத்தில் ரப்பர்க் காய் படீர் படீரென்று வெடித்துச் சிதறும், அடுத்தது எங்கிருந்து வரும் என்று நாங்கள் பந்தயம் கட்டிக் காத்திருப்போம்.

அப்படி வளர்ந்தவர்களுக்கா இந்த இசை புரியாது? லயம் என்றால் பாடுகிறவர்களுக்குத் தாளத்தின் ஒழுங்கு, நமக்கு வீடு. அந்த வீட்டிலிருந்து வந்த காதை நாமே மதிக்காமல் இருக்கிறோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. உறுமி அடிக்கிற பையன் என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு? ஊர் சுற்றுகிறவன், பொண்ணு கொடுக்காதே. இந்தப் பையனின் அம்மாவே குச்சியை ஒளித்துவைத்த கதை எனக்குத் தெரியும். அதே கை அன்றைக்கு மேடையில் ஓர் எண்ணிக்கைகூடத் தவறாமல் 12 முறை தள்ளிப்போய்த் திரும்பி வந்தது, மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அவன் அம்மா வரவில்லை. வேலை என்றார்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மேடையேறும் நாளில் வேலையை மாற்றிப் போடுங்கள். கோயில் கமிட்டி அண்ணன்மாரே, இந்த மாணவர்களைக் கூப்பிட்டு மண்டபத்தில் ஒரு மாலை கொடுங்கள். உறுமியும் அந்தக் கைத்தட்டும் ஒரே மேடையில் நடக்கட்டும். பையனிடம் கேட்டேன், ஒத்திகைக்குக்கூடத் தயார் என்கிறான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்கவில்லை. பியானோவுக்குள் ரப்பர் வைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “என்ன சத்தம் வந்துச்சு?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தின் முடிவில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம், நாள் தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன். என் காரில் நாலு பேருக்கு இடம் உண்டு. முன் சீட் அம்மாவுக்கு.