எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்

விலைவாசி, முதியோர் உதவித்தொகை பற்றி நம் எதிர்க்கட்சி எம்.பி. நாடாளுமன்றத்தில் எத்தனை கேள்வி கேட்டார் என்று ஒரு கட்டுரை கணக்குப் போடுகிறது. எப்படிக் கேட்டார் என்பதுதான் முக்கியம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, 20; எழுத்து மூலம் பதில் வரும் கேள்வி 230. நட்சத்திரக் கேள்விக்குத்தான் எழுந்து துணைக் கேள்வி போட்டு அமைச்சரை மடக்க முடியும். அதுவும் கேள்விகளின் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலில் முன்னால் வந்தால்தான். “நடவடிக்கை எடுக்கப்பட்டதா?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் “எடுக்கப்பட்டு வருகிறது” என்று பதில் வரும், அவ்வளவுதான்.

சென்னையில் 70 வயதுப் பாட்டிக்கு வரும் முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் மாநில அரசு அதை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதில் மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய், 2007-ல் இருந்த அதே தொகை! மத்தியத் திட்டத்தில் சேராதவருக்கு அந்த 200-ம் கிடையாது, முழுச் சுமையும் மாநிலத்துக்கு. மத்திய அரசு பணம் தரும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு மாநிலவாரியாக உச்சவரம்பு எவ்வளவு, அது எந்த ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துப் போடப்பட்டது என்று கேட்டால் அமைச்சர் நழுவ முடியாது.

“தகவல் திரட்டப்படுகிறது” என்று பதில் வந்தாலும் விடக்கூடாது. அது அமைச்சர் அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. நம் எம்.பி. அதைத் துரத்தினாரா? கட்டுரையாளர் அதையும் எழுத வேண்டும்.