கலங்கிய ஆற்றில் மீன் பிடிப்பது

யாரையாவது "கலங்கிய குட்டையில் மீன் பிடிக்கிறான்" என்று திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். குட்டை கலங்கினால் மீன் மூச்சு முட்டி மேலே வரும், கையாலேயே அள்ளலாம். மலையாறு கலங்கினால் மூச்சு முட்டுவது தூண்டில்காரனுக்குத்தான்.

கனமழைக்குப் பிறகு மலையாற்றுக்குப் போகலாமா என்று கேட்டால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். மழை பெய்தால் ஒரு வாரம் தூண்டிலைத் தொடாதே என்பது ஒரு கட்சி. மண்புழுவும் பூச்சியும் அடித்து வரும், அப்போதுதான் மீன் வெறிபிடித்துத் தின்னும் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் வானத்தையே பார்க்கின்றன. எத்தனை சென்டிமீட்டர் மழை என்று நான் கேட்பதையே விட்டுவிட்டேன். நீர் ஏறுகிறதா, வடிகிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

மலையில் சரிவு செங்குத்து, மண் மெல்லிசு, அடியில் பாறை. பெய்த நீர் ஊறி நிற்க இடமில்லாமல் நேரே ஆற்றுக்கு ஓடி வந்துவிடுகிறது. சமவெளியில் பெரிய ஆறு நிறைவதற்கு நாள் கணக்காகும் என்றால், சிறிய காட்டாறு ஓரிரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். வடிவதும் அப்படித்தான் வேகமாக வடியும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ கொட்டிய மழை ஆற்றுவழியாக வந்துகொண்டிருக்கும்.

மழை விட்டுக் கொஞ்சம் வெயில் பட்டபின் நீரோரப் பாறையை உற்றுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்குக் கருத்த ஈரப்பட்டை ஒன்றும் அதில் ஒட்டிய சருகும் மணலும் தெரிந்தால், நீர் வடிகிறது. காய்ந்த பாறையில் நீர் நேராக முட்டிக்கொண்டிருந்தால், கரைப்புல் நிமிர்ந்த வாக்கிலேயே மூழ்கியிருந்தால், ஏறுகிறது. மழை விடாமல் பெய்து பாறை முழுக்க நனைந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. ஒரு முறை ஆற்று நடுவே தட்டைப்பாறையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சருகுகள் வந்தன, பிறகு சுள்ளிகள். தெளிவாக இருந்த நீர் பழுப்பாக மாறியது, புது மண் வாசனை அடித்தது. ஏதோ பெரிய மீன் சுண்டியது போலிருந்ததால் இன்னும் ஒரு வீச்சு, இன்னும் ஒரு வீச்சு என்று நின்றேன். திரும்பிப் பார்த்தபோது, கணுக்கால் அளவு நீரில் நடந்து வந்த இடத்தில் தொடை வரை ஓடியது. தூண்டில்கோலை விட்டுவிட்டுத் தவழ்ந்துதான் கரையேறினேன். வேகமாக ஓடும் நீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஏறுகிற நீரில் முதல் அரைமணி நேரம் மீன் நன்றாகக் கடிக்கும் என்பார்கள். உண்மையாகவே கடிக்கும். எனக்கு அந்த அரைமணி நேரம் வேண்டாம்.

வடிகிற நீரின் கதை வேறு. வெள்ளத்தில் மீன் நடு ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது. கரையோரக் குடைவு, பெரிய பாறையின் பின்பக்கம், எதிர்ச்சுழி, மடுவின் ஓரம் என்று ஒதுங்கி, அடித்து வரும் இரைக்காகக் காத்திருக்கும். ஆகவே தூரமாக வீசி நடு ஆற்றைக் கலக்குவதில் பயனில்லை. காலடியில் இரண்டு முழத் தூரத்தில் மீன் கிடக்கலாம். நான் நீர் விளிம்பிலிருந்து ஓரடி பின்தள்ளியே நின்று முதல் வீச்சைப் போடுவேன். கலங்கலில் கண் உதவாவிட்டாலும் மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு அதிர்வை உணரும். அதனால் ஈ போலச் செய்த சின்ன செயற்கை இரையைவிடத் தடித்த மண்புழு நல்லது. ஈயக்குண்டைக் கொஞ்சம் கூட்டி, இரை தரையை ஒட்டி மெதுவாக உருளும்படி விட வேண்டும். நீர் பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டால் போதும். பால் விட்ட தேநீராக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

கோடையில் பெய்யும் மழைக்கு இன்னொரு குணமும் உண்டு. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல். வெப்பத்தில் சோர்ந்து கிடந்த, குளிர்நீரையே விரும்பும் டிரௌட் மீன், குளிர்ந்த மழைநீர் வந்து சேர்ந்ததும் மறுபடி மேயத் தொடங்கும்.

என் கோபமெல்லாம் வேறிடத்தில். மேலே காடு அப்படியே இருக்கும் ஓடை சீக்கிரம் தெளிந்துவிடுகிறது. சரிவை வெட்டிச் சாலை போட்ட ஓடை, ஒரு சாதாரண மழைக்கே நாள் கணக்கில் செஞ்சேறாக ஓடுகிறது. அந்த வண்டல் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்தால், அங்கே கிடக்கும் மீன்முட்டைகளுக்குக் காற்றோட்டமான நீர் போகாமல் அவை செத்துப்போகும். மீன் கிடைக்கவில்லை என்று மழையைத் திட்டுகிறோம்.

எனவே பேராறு இன்னும் கலங்கி ஓடும் நாட்களில், காட்டுக்குள்ளிருந்து வரும் ஒரு சின்ன ஓடை அதில் சேரும் இடத்தைத் தேடிப் போவேன். தெளிந்த நீரும் செந்நீரும் நடுவே கோடு கிழித்தாற்போலக் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடும். மீன் அந்தக் கோட்டை ஒட்டி, கலங்கல் பக்கத்தில் மறைந்து நின்று தெளிவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.