லேஸ் கவுன் நேத்து வந்த டிரெண்ட் இல்ல

அண்ணே, மேல நீங்க "லேஸும் பஃப் கையும் வச்ச பழைய மாடல் கவுன் எல்லாம் கொரியன் சீரியல் பாத்து வந்தது, ரெண்டு வருசத்துல போயிரும்"னு போட்டது சரியில்ல. 1830கள்லயே இங்கிலாந்துல கை அவ்வளவு பெருசு, உப்பி நிக்கதுக்கு உள்ள இறகு அடைச்ச குட்டித் தலகாணி வச்சுக் கட்டுவாவ, பெறவு அது போயி 1890கள்ல திரும்பி வந்துச்சு, 1970கள்ல பிரிட்டிஷ் டிசைனர் லாரா ஆஷ்லி பூப்போட்ட காட்டன்ல மறுபடி கொண்டு வந்தாங்க, 1981ல இளவரசி டயானா கல்யாண கவுன்லயும் அதே உப்புன கைதான்.

லேஸும் நமக்கு அன்னியம் இல்ல கேட்டியளா. 1820கள்லயே நாகர்கோவில்ல மிஷனரி சார்லஸ் மால்ட்டுக்க மனைவி மார்த்தா நம்ம பொண்ணுங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க, தலகாணி மேல குண்டூசி குத்தி, நூல் சுத்துன சின்னச் சின்ன கட்டைய மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுகது, ஒரு விரலகலம் வரதுக்கே எவ்வளவு நேரம் ஆகும்! அந்தக் கைவேலைய கிட்ட வச்சுப் பாத்தா மனசு விடாது, அதான் சனங்க திரும்பத் திரும்பத் தேடுதாவ. மார்த்தாண்டம் பக்கம் சர்ச் கல்யாணத்துல இப்பவும் பொண்ணு தலையில வெள்ள லேஸ் நெட்டு உண்டு, எங்க பாட்டிமாரும் புட்டாக் கை ஜாக்கெட்டுதான் போட்டாவ. சீரியலால கடையில வியாபாரம் கூடியிருக்கலாம், ஆனா தொடக்கம் அங்க இல்ல.